கோபம் என்று நான் படித்த முகம்

1

அம்மாவின் மூன்றாம் வருடத் தெவசம் இந்த முறை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. வடக்கு ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் சின்னப் பல்கலைக்கழக ஊரில் அன்று காலையிலிருந்தே தூறல். பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் மதியப் படையலை முடித்துவிட்டு அண்ணன் வீடியோவில் கூப்பிட்டார். அண்ணன் ராசேந்திரன் என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர். அண்ணி மல்லிகா போனைப் பிடித்துக்கொண்டிருக்க, அவர் இலைக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“நல்லபடியா முடிஞ்சுதாண்ணே?”

“ம்.”

“காக்கா வந்துச்சா?”

என்னவோ சொன்னார். குரல் எழும்பவில்லை. “சத்தமாப் பேசுண்ணே” என்றேன். மறுபடியும் அதே முணுமுணுப்பு. நாலு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிட்டது. அந்த மூன்று வருடமாக எங்கள் பேச்சு அப்படித்தான் இருந்தது.

என் மகள் யாழினிக்கு ஒன்பது வயது. பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்: “அம்மா, மாமாவோட மூஞ்சி ஏன் தூங்குது?”

அவள் தமிழ் அப்படித்தான் இருக்கும். ஜெர்மனில் யோசித்து, கைக்குக் கிடைக்கிற தமிழ்ச் சொல்லைப் போடுவாள். நான் திருத்தினேன். “தூங்கலைடா. மாமா கோவமா இருக்காரு.”

“கோவம் இல்ல. கோவம்னா இப்படி.” புருவத்தை நெரித்து, உதட்டைக் கடித்துக் காட்டினாள். “மாமா மூஞ்சில இது எதுவும் இல்ல. கண்ணு மட்டும்தான் முழிச்சிருக்கு. அதுவும் மூடி மூடித் தொறக்கவே மாட்டேங்குது. நான் எண்ணிட்டே இருந்தேன்.”

நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அசைவற்ற முகம். அபூர்வமாகச் சிமிட்டும் கண். தேய்ந்துபோன குரல். இந்த மூன்றையும் இதே வரிசையில் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். என் ஆய்வறை அலமாரியில் இருக்கும் எந்தப் பாடப்புத்தகத்தை எடுத்தாலும் பார்க்கின்சன் நோய்க்கான அத்தியாயத்தின் முதல் பக்கத்திலேயே இது இருக்கும்.

2

நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஊரில் கேட்பவர்களுக்கு ஒழுங்காகப் பதில் சொன்னதே இல்லை. “மூளை ஆராய்ச்சி” என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். இங்கே அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளச் சில ரசாயனங்களைச் சுரக்கின்றன. டோபமின், நார்அட்ரினலின், அசிட்டைல்கோலின், குளூட்டமேட் என்று அவற்றுக்குப் பெயர்கள். ஒரு நரம்பு விடும் ரசாயனத்தை அடுத்த நரம்பு வாங்கிக்கொள்கிறது. கை அசைகிறது, முகம் சிரிக்கிறது. இவ்வளவுதான் விஷயம் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். ஆனால் மூளையில் நரம்புகள் மட்டும் இல்லை. காவலுக்கென்று தனிச் செல்கள் உண்டு. மைக்ரோகிளியா என்பார்கள். கிருமி வந்தாலும் அடிபட்டாலும் எதிர்க்கக் கிளம்புபவை இவைதான். கிளம்பும்போது அழற்சியை உண்டாக்கும் புரதங்களைக் கக்கும். காலில் முள் குத்திய இடம் சிவந்து வீங்குகிறதே, அந்த அழற்சிதான். மூளைக்குள் அது சிவப்பாகவோ வீக்கமாகவோ வெளியே தெரிவதில்லை.

நரம்புகள் தங்களுக்குள் பேசும் இதே ரசாயனங்கள் இந்தக் காவல் செல்களின் காதிலும் விழுகின்றன. அவற்றை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இவற்றின் மேலும் இருக்கின்றன. பொதுவாக நார்அட்ரினலின் இவற்றை அடக்கி வைக்கிறது. டோபமினும் அசிட்டைல்கோலினும்கூடப் பெரும்பாலும் அப்படியே. அளவைப் பொறுத்தும் எந்த ஏற்பி என்பதைப் பொறுத்தும் கதை மாறும். குளூட்டமேட் மிதமிஞ்சிப் போனால் கிளப்பிவிடும். பார்க்கின்சன் நோயில் டோபமினையும் நார்அட்ரினலினையும் சுரக்கும் செல்கள் செத்துக்கொண்டே வருகின்றன. அவை குறையும்போது காவல் செல்களை அடக்கும் சொல்லும் குறைகிறது. அழற்சி ஏறுகிறது, ஏறிய அழற்சி மிச்சமிருக்கும் நரம்புகளையும் தாக்குகிறது. எது முதலில் ஆரம்பிக்கிறது என்பதில் இன்னும் தகராறு இருக்கிறது.

எலியின் மூளையிலிருந்து எடுத்த காவல் செல்களைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்ப்பது என் வேலை. பாக்டீரியாவின் மேலுறைத் துணுக்கைப் போட்டு அவற்றைச் சீண்டுவேன். பிறகு நார்அட்ரினலினைச் சேர்த்து, எவ்வளவு அடங்குகிறது என்று அளப்பேன். பன்னிரண்டு வருடமாக இதைச் செய்கிறேன். நோயின் ஆரம்ப அறிகுறிகளைப் பற்றி மாணவர்களுக்கு வகுப்பும் எடுக்கிறேன்.

3

அண்ணனுக்கு என்மேல் கோபம் என்று நான் முடிவு செய்ததற்கு ஒரு நாள் இருக்கிறது. அம்மா இறந்த நாள்.

அப்போது என் குடியிருப்பு அனுமதி முடிந்து, புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். புது அட்டை வரும்வரை கையில் ஒரு தாள் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு நாட்டை விட்டுப் போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்பது எனக்குத் தெரியவில்லை. கூட வேலை செய்பவள் சொன்னாள்: அலுவலகத்தில் கேள், சாவு என்றால் அவசரக் கடிதம் தருவார்கள் என்று. கூப்பிட்டேன். இருபது நிமிடம் பதிவு செய்த இசையைக் கேட்டபின் ஒரு பெண் எடுத்தார். இறந்துவிட்டார் என்பதற்கான சொல் எனக்கு வாயில் வரவில்லை. அத்தனை வருடம் பேசிய மொழி அந்த நேரத்தில் கைவிட்டுவிட்டது. “என் அம்மா முடிந்துவிட்டார்” என்று சமையல் முடிந்தது என்பதைப்போலச் சொன்னேன். அந்தப் பெண் பொறுமையாக, “மன்னியுங்கள், யார் எதை முடித்துவிட்டார்?” என்றார். நான் போனை வைத்துவிட்டேன். மறுபடி கூப்பிடவில்லை.

மறுபடி கூப்பிட்டிருந்தால் கடிதம் கிடைத்திருக்கும். பிற்பாடு விசாரித்தபோது அன்றைக்கே தருவார்கள் என்று தெரிந்தது. இன்னொன்றையும் இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை. ஐந்து வாரமாக வளர்த்த செல்கள் அந்த வாரம்தான் சோதனைக்குத் தயாராகியிருந்தன. விட்டுவிட்டுப் போனால் எல்லாம் பாழ். என் மனசு அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டது. அண்ணனிடம், “விசா பிரச்சினைண்ணே, வர முடியலை” என்றேன். “சரி பாப்பா” என்றார்.

எடுப்பதற்கு முன்னால் கூப்பிட்டு, “அம்மா மொகத்தை ஒரு தடவை காட்டுண்ணே” என்று கேட்டேன். வீடியோ வந்தது. பந்தல் துணி தெரிந்தது. யாருடைய கால்களோ தெரிந்தன. வானம் தெரிந்தது. படம் ஒரு இடத்தில் நிற்காமல் ஆடி ஆடி, கடைசியில் இருட்டாகிவிட்டது. அம்மா தெரியவே இல்லை. நான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். அவர் எடுக்கவில்லை.

வராதவளுக்கு எதற்கு முகம் என்று நினைத்துவிட்டார் என்று எண்ணிக்கொண்டேன். அது நியாயம் என்றும் பட்டது. அதற்குப் பிறகு எப்போது பேசினாலும் அந்த முகம் கல் மாதிரி இருந்தது. சிரிப்பு இல்லை, விசாரிப்பு இல்லை, கேட்டால் ஒரு சொல். வாராவாரம் கூப்பிட்டவள் மாதத்துக்கு ஒருமுறை என்று குறைத்தேன். மூன்று வருடமாக ஊர்ப்பக்கம் போகவுமில்லை. அந்த முகத்துக்கு நேராகப் போய் நிற்கத் தைரியம் இல்லை.

4

தெவசத்தன்று மாலையே அண்ணியைத் திரும்பக் கூப்பிட்டேன். “அண்ணி, அண்ணனுக்கு என்மேல இன்னும் கோவமா?”

“அவருக்கா? கோவமா?” அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. “அவரு கோவப்பட்டு நான் பாத்தே வருசக்கணக்கு ஆகுது கலா. சந்தோசப்பட்டும் பாக்கலைன்னு வச்சுக்க. எல்லாத்துக்கும் ஒரே மாதிரி ஒக்காந்திருக்காரு.”

“கை ஆடுதா?”

“வலது கை. சும்மா வச்சிருந்தா ஆடும். வயல்ல பூச்சி மருந்தடிச்சு அடிச்சு நரம்புத் தளர்ச்சின்னு இங்க ஒரு டாக்டரு சத்து ஊசி போட்டுட்டு இருக்காரு. ஒன்கிட்ட சொல்ல வேணாம்னுட்டாரு. அங்க தனியாக் கெடந்து கவலைப்படுவாளாம்.”

நான் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, அண்ணி ஒவ்வொன்றாகச் சொன்னார். அதில் பாதி எனக்கு முன்பே தெரியும் என்பதுதான் கொடுமை. பாலை அடுப்பில் வைத்து அண்ணனைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனதும், பாத்திரம் கருகி வீடெல்லாம் நாறியும் அவர் பக்கத்திலேயே தெரியாமல் உட்கார்ந்திருந்ததும் ஐந்து வருடத்துக்கு முந்தின கதை. அண்ணி அப்போதே சொல்லிச் சிரித்தார், நானும் சிரித்தேன். தூக்கத்தில் மாட்டை விரட்டுவதாகக் கத்தி அண்ணியை உதைத்ததும் அப்படித்தான். கூட்டுறவுச் சங்கத்தில் அவர் போட்ட கையெழுத்து பழைய கையெழுத்தைவிடப் பொடியாக இருக்கிறதென்று நாலு தடவை போடச் சொன்னார்களாம். அதை அண்ணனே சொன்னார். ஆபீஸ்காரர்களைத் திட்டிவிட்டு விட்டுவிட்டேன்.

வாசனை போவது, கனவோடு சேர்ந்து கைகால் ஆடுவது, எழுத்து சிறுத்துப்போவது. கை நடுங்குவதற்கு முன்பே வரக்கூடியவை என்று மாணவர்களுக்குப் பலகையில் எழுதிப் போடுவேன். வீட்டிலிருந்து அதே மூன்றும் காதில் விழுந்தபோது அவை எனக்கு ஊர்க்கதையாகத்தான் கேட்டன.

“போனை அண்ணன்கிட்ட குடுங்க அண்ணி.”

அவர் வந்தார். “அண்ணே, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேத்து வேகமாத் தட்டு. பெரிசாத் தட்டு.”

“எதுக்கு பாப்பா?”

“தட்டுண்ணே.”

இடது கை தட்டியது. வலது கை நாலு தடவை தட்டியது. ஒவ்வொரு தடவையும் விரல்களுக்கு நடுவே இடைவெளி குறைந்துகொண்டே வந்து, நின்றுவிட்டது. அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இதுக்கு மேல வரலை” என்றார்.

யாழினி என் தோளுக்குப் பின்னால் நின்று தன் விரல்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

5

பத்து நாளில், யாழினியைக் கூட வேலை செய்பவளின் வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினேன். அப்போதும் இன்குபேட்டரில் செல்கள் இருந்தன. எடுத்துக் கொட்டிவிட்டு வந்தேன்.

தஞ்சாவூரில் நரம்பியல் டாக்டர் ஒரு பெண். அண்ணனின் முழங்கையை மடக்கி நீட்டினார், நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார். திரும்புவதற்கு அண்ணன் ஆறேழு அடி எடுத்து வைத்தார். டாக்டரும் நானும் ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்துவிட்டோம். அண்ணன் மெல்லிய குரலில் குறுக்கிட்டார். “என்னைப் பத்தித்தானே பேசிக்கிறீங்க? எனக்கும் வெளங்கற மாதிரி சொல்லுங்கம்மா.”

டாக்டர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, இது பார்க்கின்சன் நோய்தான் என்று தமிழில் விளக்கிச் சொன்னார். பன்னிரண்டு வருடம் படித்ததை நான் ஒருநாளும் அவருக்குச் சொன்னதில்லை. ஐந்து நிமிடத்தில் அண்ணன் அதைக் கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டார்.

“வாசனை எப்பப் போச்சு?” என்று டாக்டர் கேட்டார்.

“அது ஆச்சும்மா, ஏழெட்டு வருசம்.”

டாக்டர் எழுதிக்கொண்டே, “வீட்டுல யாருக்கும் சந்தேகம் வரலையா?” என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார். நான் என்ன வேலை செய்கிறேன் என்று சற்று முன்புதான் அவரிடம் சொல்லியிருந்தேன். அண்ணன் முந்திக்கொண்டார். “எல்லாம் வேலை வெட்டின்னு இருக்கவங்கம்மா. யாருக்கு நேரம்?”

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அவர் உட்கார்ந்தார். அய்யம்பேட்டை தாண்டியதும் கேட்டேவிட்டேன். “அம்மா போன அன்னிக்கு ஏண்ணே மொகத்தைக் காட்டலை?”

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, “போனை நிமித்திப் பிடிக்கவே முடியலை பாப்பா” என்றார். “கை அந்த ஆட்டம் ஆடுச்சு. சுத்தி அத்தனை சனம். அம்மா சாவுல குடிச்சிட்டு நிக்கிறான்னு சொல்லிருவாங்களேன்னு போனைப் பாக்கெட்ல போட்டுட்டேன்.”

“அப்பறமாச்சும் சொல்லியிருக்கலாம்ல?”

“எங்க சொல்றது? நீதான் பேசறதையே கொறைச்சிட்டியே. மொகத்தைக் காட்டலைன்னு ஒனக்கு என்மேல கோவம்னு நெனைச்சேன். நியாயந்தானே. பெத்த தாயி.”

நான் அழுதேன். பஸ்ஸில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. கையை மட்டும் எடுத்து என் முழங்கால்மேல் வைத்தார். அது அங்கே ஆடிக்கொண்டே இருந்தது.

அப்புறம் அவர் கேட்டார்: “மருந்தடிச்சதாலதான் வந்துச்சா இது?”

எங்கள் அப்பா கூலிக்கு நாற்றுப் பறித்தவர். அண்ணன் காலத்தில் கொஞ்சம் நிலம் குத்தகைக்கு வந்தது. ஆனால் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது மருந்தடிக்கிற வேலைதான். புகையானோ குருத்துப்பூச்சியோ விழுந்தால் நாலு ஊரிலிருந்து ஆள் விடுவார்கள். முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு குறுவையிலும் சம்பாவிலும் இருபத்தைந்து வருடம் அடித்தார். நான் தஞ்சாவூரில் கல்லூரிக்குப் போய்வந்தது அந்தக் காலத்தில்தான். மருந்து பீய்ச்சும் நாசில் அடைத்துக்கொண்டால் வாயில் வைத்து ஊதிவிடுவார். அந்த மாதிரி மருந்துகளில் பல, பூச்சியின் உடம்பில் அசிட்டைல்கோலினைச் சிதையவிடாமல் தடுத்து, நரம்பைத் துடிக்க வைத்துக் கொல்பவை. அதே அசிட்டைல்கோலின்தான் மனிதருக்கும் என்று வகுப்பில் படித்த அன்று, அண்ணனைக் கூப்பிட்டுக் கையுறை போடச் சொன்னேன். “அதைப் போட்டுக்கிட்டு நாசிலை எப்படி நோண்டறது?” என்று சிரித்தார். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அத்தோடு என் கடமை முடிந்தது என்று விட்டுவிட்டேன்.

“உறுதியாத் தெரியாதுண்ணே. இருக்கலாம். மருந்தடிக்கறவங்களுக்கு அதிகமா வருதுன்னு சொல்றாங்க. ஒனக்கு வந்தது அதாலதான்னு யாராலும் சொல்ல முடியாது.”

“நீ அங்க பாக்கறது இதுக்குத்தானா?”

“இதுக்குந்தான்.”

“எலிக்குச் சரியாகுதா?”

“எலிகூட இல்லண்ணே. கிண்ணத்துல வளக்கற செல்லு. அதுல கொஞ்சம் அடங்குது. ஆளுக்குக் குடுக்கற மருந்தா வரணும்னா இன்னும் ரொம்ப தூரம் இருக்கு.”

“ம்” என்றார். வயல் பக்கம் திரும்பிக்கொண்டார். “எனக்கு வராட்டியும் போவுது. நீ நடுவுல விட்டுறாத.”

அவர் அதைச் சொல்லும்போது, அம்மாவைக்கூடப் பார்க்க வராமல் நான் காப்பாற்றிய அந்த ஐந்து வாரச் செல்கள் நினைவுக்கு வந்தன. அந்தச் சோதனையில் ஒன்றும் தேறவில்லை. எந்தக் கட்டுரையிலும் அது இடம்பெறவில்லை.

6

டாக்டர் கொடுத்த மாத்திரை, இல்லாமல்போன டோபமினுக்கு ஈடுகட்டுவது. நோயை அது நிறுத்தாது. இரண்டு வாரத்தில் நடை கொஞ்சம் இலகுவானது. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் வாசலில் நாலு பேர் வந்து நின்றார்கள். அண்ணனோடு மருந்தடித்தவர்கள். அண்ணன்தான் வரச் சொல்லியிருக்கிறார்.

“நான் வைத்தியம் பாக்கற டாக்டர் இல்லண்ணே” என்றேன் பதறிப்போய்.

“தெரியும். எனக்குக் கேட்ட மாதிரி இவங்களுக்கும் கேளு, போதும்.”

கேட்டேன். விரலைத் தட்டச் சொன்னேன். மூன்று பேர் சிரித்துக்கொண்டே தட்டினார்கள், நன்றாகவே தட்டினார்கள். நாலாவது ஆள் சேகர். அவருக்கு நாற்பத்தைந்து இருக்கும். விரலில் குறை எதுவும் தெரியவில்லை. வாசனை தெரிகிறதா என்று கேட்டேன்.

“அது போயி ரெண்டு மூணு வருசமாச்சு. அதுவும் ஒரு வகையில நல்லதாப் போச்சு. முன்னெல்லாம் மருந்து நாத்தம் கொமட்டும். இப்பச் சொகமா அடிக்கிறேன்.”

மற்றவர்கள் சிரித்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார்.

“தூக்கத்துல கத்துறீங்களா?”

“என்னைக் கேட்டா? வீட்டுல அது தனியாப் படுக்குது. ஒதைக்கிறேனாம்.”

வாசனை போக நூறு காரணம் உண்டு. வேறொன்றுமில்லாமலும் இருக்கலாம் என்று அவரிடம் சொன்னேன். ஆனாலும் தஞ்சாவூர் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட வேண்டும், அதுவரை டேங்கைத் தொடக்கூடாது என்றேன். சீட்டில் எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “பாக்கலாம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் நான் விமானம் ஏறிவிட்டேன்.

இங்கே வந்து ஆறு வாரம் ஆகிறது. இப்போது தினமும் பேசுகிறோம். சேகர் போனாரா என்று கேட்கும்போதெல்லாம், “அறுப்பு முடியட்டும்கிறான்” என்றே அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். போன வாரம் நான் எரிச்சலாகிக் கத்திவிட்டேன். “கத்தாத பாப்பா. நான் பாத்துக்கறேன்” என்றார்.

இன்று விடிந்ததும் அண்ணி கூப்பிட்டார். “ஒங்க அண்ணன் காலைல எழுந்திரிச்சு சேகர் வீட்டு வாசல்ல போயி நின்னுட்டாரு. அவன் கெளம்பற வரைக்கும் நகர மாட்டேன்னுட்டாராம். அவனுக்கு வேற வழியில்லை. ரெண்டு பேரும் தஞ்சாவூர் பஸ்ஸுக்குப் போயிட்டாங்க. நானும் நிறுத்தம் வரைக்கும் போனேன். படியில ஏற ஒங்க அண்ணனுக்கு நேரமாச்சு, கண்டக்டர் விசிலடிக்காம நின்னாரு. சேகரு கடைசி நேரத்துல திரும்பிப் போகப் பாத்தான். ஒங்க அண்ணன் மேல நின்னுக்கிட்டு அவன் கையைப் பிடிச்சு இழுத்து ஏத்திட்டாரு.”

“எந்தக் கையாலண்ணி?”

“எந்தக் கையோ. ரெண்டாலயுந்தான்.”

யாழினியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, இன்று வரவில்லை என்று ஆய்வகத்துக்குச் சொல்லிவிட்டேன். அவர்கள் இருவரும் டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வரும் நேரத்தைக் கணக்குப் போட்டபடி, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.